மினுக்கம் வேண்டாம்

முனவ்வரா மூன்று ஸ்பிரே போத்தல்களையும் ஒரே மூச்சில் தட்டிலிருந்து இழுத்து மேசையில் வைத்தாள்.

"சிலாபம் தாண்டிட்டன்" என்று ஜௌபர் இப்போதுதான் போனில் கோல் எடுத்திருந்தான். இரண்டு வருஷம் கட்டாரில் இருந்துவிட்டு வருகிற கணவன். வேன் மாம்புரி வீட்டு வாசலில் நிற்க ஒன்றேகால் மணித்தியாலம். அவளோ இன்னும் பாலாவிச் சந்தியில், வாகன சாமான் கடையில்.

கடைக்கார அஸ்மின் சிவப்புப் போத்தலைத் தூக்கினான். "இத அடிச்சித் துடைச்சா, கார்ல மூஞ்சி பாத்து சேவ் எடுக்கலாம் ராத்தா."

"எனக்கு சேவ் எடுக்கிற வேலை இல்ல தம்பி. மினுங்கக் கூடாது. உப்பு மட்டும் போகணும்."

"மினுங்காத வெக்ஸ் கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

போகும்போது ஜௌபர் சொன்னது இரண்டே இரண்டு. காரை ஷீட் போட்டு மூடி வை. யாருக்கும் கொடுக்காதே.

இரண்டாவதை அவள் அப்படியே காப்பாற்றியிருந்தாள். முதலாவதுதான் உதைத்தது. கறுப்புக் கார் முழுக்கக் கடற்காற்றின் வெள்ளைப் பூச்சு. காலையில் கிணற்று நீரை ஊற்றிப் பார்த்தாள். உவர் நீர் காய்ந்து, புள்ளி இன்னும் கூடியதுதான் மிச்சம். அதற்காகக் கண்ணாடிபோல் மினுக்கி வைத்தாலும் மாட்டிக்கொள்வாள். ஷீட்டுக்குள் இரண்டு வருஷம் தூங்கிய கார் மினுங்காது.

அஸ்மின் தூசு படிந்த நீலப் போத்தலை நீட்டினான். "அப்ப இதுதான். அழுக்கைத் தூக்கும், பெரிசா மினுக்காது. ஒருத்தரும் வாங்காமக் கிடக்கு. கார் எங்க? ஒரு மூலையில அடிச்சுக் காட்டுறன்."

"வீட்டில நிக்குது" என்றாள் அவசரமாக.

வேன் வந்தபோது ஷீட்டை இழுத்துக் கட்டியாயிற்று. அவள் கை மட்டும் இன்னும் வெக்ஸ் மெழுகு மணத்தது.

ஜௌபர் பெட்டிகளைக்கூட இறக்கவில்லை. ஷீட்டை உருவினான். காரைச் சுற்றி வந்தான். பொனட்டில் விரலை இழுத்து, விரலைப் பார்த்தான்.

உப்பில்லை. மினுக்கமும் இல்லை.

"வெச்ச மாதிரியே இருக்கு!"

முனவ்வராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவளிடம் கார்த் திறப்பை வாங்கி, சாரதிப் பக்கக் கதவைத் திறந்து உள்ளே குந்தினான். பாதிதான் குந்த முடிந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்து நின்றன.

அவன் ஆறடி ஆள். போகும்போது பின்னுக்குத் தள்ளி வைத்திருந்த இருக்கை, இப்போது ஐந்தடி ஆளுக்கு அளவெடுத்ததுபோல் முன்னால் நின்றது.

அவன் இருக்கையைப் பார்த்தான். பிறகு அவளை, காலிலிருந்து தலைவரை.

"எப்பயிருந்து?"

"நீங்க போய் மூணாம் மாசம். லைசென்ஸும் எடுத்திட்டன்." அவள் ஷீட்டை மடிக்கத் தொடங்கினாள். "இப்பவும் பாலாவிக்கு இதிலதான் போய் வந்தன்."

ஜௌபர் இறங்கினான். காரின் முன்னால் சுற்றி நடந்தான். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, திறப்பை அவளிடம் நீட்டினான்.

"வேன்ல இருந்து கால் மரத்துப் போச்சு. உம்மா வீட்டுக்கு நீயே ஓட்டு."

முனவ்வரா ஏறிக் குந்தினாள். இருக்கையை அசைக்க வேண்டியிருக்கவில்லை.