சாம்பலுக்குக் காற்று

டொக்... டொக்... டொக்...

போடிமெட்டுக்கு ஏறுகிற எஸ்டேட் ஜீப்பின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் அது கேட்டது. சுடுகாட்டு மதிலுக்குள்ளேயிருந்து உளிச் சத்தம்.

ஆற்றுப் பக்க வாசலில் சைக்கிளை நிறுத்திய ராஜாராமுக்குப் புரியவில்லை. கட்டு வேலைதான் முடிந்துவிட்டதே. பூச்சுக்குத் தண்ணீர் விடுவது மட்டும்தானே பாக்கி. அதற்கு எதற்கு உளி?

உள்ளே போய்ப் பார்த்தவருக்குத் திக்கென்றது.

கொத்தனார் மலைச்சாமி, கட்டி முடித்த மாடம் ஒன்றுக்குள் தலையை விட்டு அதன் பின்சுவரைக் குடைந்துகொண்டிருந்தார்.

"யோவ், என்னய்யா பண்றே?"

வெளியே வந்த தலையில் புருவமெல்லாம் செங்கல் பொடி. "ஓட்டை போடுறேன் மொதலாளி."

"அது தெரியிது. எதுக்கு?"

"காத்துக்கு."

"சாம்பலுக்கு எதுக்குய்யா காத்து? மூச்சு முட்டுதுன்னு ஒன்னயக் கூப்பிட்டுச் சொல்லுச்சா?"

மலைச்சாமி உளியை வேட்டியில் துடைத்தார்.

அந்தச் சுவர், ஏலக்காய் வியாபாரி ராஜாராமே உட்கார்ந்து யோசித்துக் கட்டவைத்தது. எரித்து அள்ளிய சாம்பலை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. சுருளித் தீர்த்தத்தில் கரைக்கிற நாள் வரைக்கும் கலயத்தைச் சுடுகாட்டு வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிடுவதுதான் வழக்கம். குரங்கு உருட்டிவிடும், காற்று உடைத்துவிடும். போன தையில் எஸ்டேட்காரர் ஒருத்தரின் கலயமும் மளிகைக் கடைக்காரர் ஒருத்தரின் கலயமும் மாறிப்போய், இரண்டு குடும்பமும் யாரோ ஒருத்தருக்கு அழுது கரைத்துவிட்டு வந்தன. அதற்குப் பிறகுதான் இது. ரோட்டோரமாக ஆளுயரச் சுவர், உள்பக்கம் வரிசையாக மாடம், மாடத்துக்குத் தகரக் கதவு, கதவுக்குப் பூட்டு.

முதல் வரிசை முடியவும் அவருடைய அப்பா கோட்டைச்சாமி கண்ணை மூடவும் சரியாக இருந்தது. மூணாவது மாடம் அவருக்கு. கருமாதி முடிந்தும் அங்கேயேதான் இருக்கிறார். பட்டாளத்தில் இருக்கிற இளைய மகனுக்குத் தந்தி கொடுத்தும் லீவு கிடைக்கவில்லை. அவன் வந்தால்தான் சுருளி.

சாம்பல் அள்ளின அன்றைக்கு அம்மா கருத்தம்மாள் கேட்டாள். "நானும் வந்து ஒருக்கத் தொட்டுப் பாத்துக்கிறேன்ப்பா."

"பொம்பளைக சுடுகாட்டுல காலு வைக்கலாமா ஆத்தா? ஊரு என்ன பேசும்?"

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

ராஜாராமின் பார்வை மூணாவது மாடத்துக்குப் போனது. "எங்கப்பா மாடத்தையுமா குடைஞ்சே?"

"அதத்தேன் மொதல்ல குடைஞ்சேன். ரோட்டுப் பக்கமா நின்னு."

"அடப்பாவி. கலயம் மாறிப்போச்சுன்னுதான்யா இம்புட்டுப் பாடுபட்டது. இப்பக் கண்டவன் கையும் நொழையிற மாதிரி பொத்து வச்சிருக்கியே. மந்திரம் கிந்திரம்னு எவனாவது அள்ளிட்டுப் போனா நீயா பதில் சொல்லுவே?"

"அப்பிடி எவனும் வரல மொதலாளி."

"வரலையா? அப்ப வேற யாரு வர்றா?"

மலைச்சாமி குனிந்து, காலடியில் கிடந்த செங்கல் பொடியை ஒதுக்கினார்.

"சாந்தக் கொழை. எல்லாத்தையும் என் கண்ணு முன்னால அடை. நாளைக்கு வேற ஆளு வருவான். ஒனக்கு இந்த ஊர்ல எவன் சோலி குடுக்கிறான்னு நானும் பாக்குறேன்."

மலைச்சாமி மணலையும் சுண்ணாம்பையும் கூட்டி, தண்ணீர் விட்டுப் புரட்ட ஆரம்பித்தார். ராஜாராம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிற்கும்போதே சந்தேகம் வந்தது. கலயம் உள்ளேதான் இருக்கிறதா? இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் தூக்குச் சட்டியைத் தரையில் வைக்கிற சத்தம் லேசாகக் கேட்டது.

மலைச்சாமி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "இப்பத் தெறக்காதீக மொதலாளி." கிசுகிசுப்பாகத்தான் சொன்னார்.

அவர் ரகசியம் பேசினதே ராஜாராமுக்குச் சரியாகப் படவில்லை. "ஏன்? உள்ள கலயம் இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"செத்த நேரம் கழிச்சுத் தெறங்க."

ராஜாராம் அவரைத் தள்ளிவிட்டுப் பூட்டைத் திறந்தார். கதவை இழுத்தார்.

கலயம் இருந்தது. கலயத்தின் மேல் ஒரு கை இருந்தது.

பின்சுவர் ஓட்டை வழியாக முழங்கை வரைக்கும் உள்ளே வந்திருந்த கை. வளையல் இல்லாத கை. ஆள்காட்டி விரல் நுனி, எப்போதோ கதிரரிவாள் பட்டுக் கோணலாக ஒட்டியிருந்தது. அந்தக் கோணல் விரல் ஊட்டின சோற்றைத் தின்று வளர்ந்தவர் ராஜாராம்.

சுவருக்கு அப்பால் ஒரு குரல் மெல்லப் பேசிக்கொண்டிருந்தது.

"...வாழைக்குத் தண்ணி பாச்சியாச்சு. செவலை ராத்திரி கன்னு போட்டிருக்கு. காளங்கன்னு." பேச்சு சட்டென்று நின்றது. "மலைச்சாமி, கதவ ஏன்யா தெறந்தே? கையில வெயிலு படுது. அவருக்கும் அடிக்குமில்ல?"

ராஜாராம் நகர்ந்து நின்று வெயிலை மறைத்தார்.

மலைச்சாமி அவர் காதருகே வந்தார். "ஆத்தா தோட்டத்துக்குப் போறப்ப நிக்கிற எடந்தேன். இன்ன வரைக்கும் உள்ள காலு வைக்கல மொதலாளி. கைய மட்டுந்தேன் வைக்கிது. மத்த வீட்டுப் பொம்பளைகளுக்கும் ஆகட்டும்னுதேன் மத்ததையும் குடைஞ்சேன்."

ராஜாராம் கலயத்தை இரண்டு விரலால், அந்தக் கை முழுசாக அணைக்கிற தூரத்துக்கு நகர்த்தினார். தகரம் சத்தம் போடாதபடி கதவைச் சாத்தினார். பூட்டவில்லை.

"சாந்து ரெடியாயிரும் மொதலாளி," என்றார் மலைச்சாமி, இன்னும் பயம் போகாமல்.

"ம். ஓட்டையச் சுத்தி நல்லா வழவழன்னு பூசிவிடுய்யா," என்றார் ராஜாராம் மெதுவாக. "செங்கல் மொனை ஆத்தா கையக் கீறிரும்."

மலைச்சாமி மண்வெட்டியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து சாந்தைப் புரட்ட ஆரம்பித்தார்.