பேச்சியம்மாள் சொன்ன பதில்

"கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கர்ப்பமா இருந்தப்ப மது குடிச்சதுண்டா?"

டாக்டர் மாளவிகா கேட்டதும் பேச்சியம்மாளின் கை புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டது.

அடையாறில் குழந்தைகள் கிளினிக். தி.நகரில் ஆடித் தள்ளுபடி நேரம் என்பதால் ஜவுளிக்கடையை விட்டுவிட்டுக் கணவரால் வர முடியவில்லை. தங்கை ஷண்முகப்ரியாவும் அவள் கணவன் சுரேஷ்குமாரும்தான் காரில் அழைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். ப்ரியாவுக்கு இது ஐந்தாவது மாதம்.

எட்டு வயது ஷ்ரேயா பக்கத்து அறையில் பயிற்சியாளரோடு இருந்தாள். காலையில் படித்த வாய்ப்பாடு மத்தியானம் அவளுக்கு மறந்துவிடும். ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார மாட்டாள். போன வாரம் ஸ்கூலில், "வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து பேச்சியம்மாளுக்குச் சரியான தூக்கமில்லை.

சுரேஷ்குமார் சிரித்தான்.

"என்ன டாக்டர், எங்க மதினியைப் பாத்தா இப்படிக் கேக்கறீங்க? விரத நாள்ல காபிகூடத் தொட மாட்டாங்க."

"குத்தம் கண்டுபிடிக்கக் கேக்கல சார். ரத்தம் எடுத்தோ, ஸ்கேன் பண்ணியோ இதை உறுதியாச் சொல்ல முடியாது. அம்மா குடிச்சா அது குழந்தைக்கும் போகும். மூளை உருவாகிட்டிருக்கற நேரம். ஞாபகம், கவனம், கோபத்தை அடக்கறதுன்னு எதை வேணாலும் பாதிக்கலாம். அம்மா வாயைத் திறந்து சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா குணமாயிடுமா?" பேச்சியம்மாள் கேட்டாள்.

"முழுசா மாறாதும்மா. ஆனா அவளுக்குப் புரியற விதத்துல சொல்லிக்கொடுக்கலாம். திமிர்னு யாரும் அடிக்க மாட்டாங்க. மக்குன்னு ஒதுக்க மாட்டாங்க. ஸ்கூலுக்கும் நானே எழுதித் தருவேன்."

ப்ரியாவின் முகம் வெளுத்திருந்தது. "டாக்டர்... அது வந்து..."

பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள்.

"குடிச்சேன். எழுதிக்குங்க."

சுரேஷ்குமார் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தான்.

"நீங்களா மதினி? வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டா?"

அவள் தலை நிமிரவில்லை. ப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"பாருங்க, கூடப் பிறந்தவளுக்கே தாங்கல. இந்தச் சமயத்துல இவளை இங்க கூட்டிட்டு வந்தது என் தப்பு. வா ப்ரியா."

மனைவியின் தோளை அணைத்தபடி அவன் வெளியே நடந்தான். கதவு மூடும்முன் அவன் குரல் உள்ளே தெளிவாகக் கேட்டது.

"நீ உங்க அக்கா மாதிரி இல்லாமப் போனியே, அதுவே எனக்குப் போதும். இனி அவங்க வீட்டுப் பக்கம் போகாத."

பேச்சியம்மாளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு மடியில் விழுந்தது. துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"எல்லாரும் இதைச் சொல்லிட மாட்டாங்கம்மா. மறைச்சு மறைச்சுக் குழந்தையோட வருஷங்களை வீணாக்கிடுவாங்க. நீங்க உண்மையைச் சொன்னீங்க. இன்னும் ரெண்டு விவரம் வேணும். எத்தனாவது மாசம் வரைக்கும் குடிச்சீங்க? எவ்வளவு?"

பேச்சியம்மாள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நன்றாகச் சாத்தியிருந்தது.

"நாளைக்குச் சொல்லட்டுமா டாக்டர்? அவ வீட்டுக்காரர் வேலைக்குப் போனதும் போன் போட்டுக் கேட்டுடறேன்."

"யாரைக் கேக்கணும்?"

"என் தங்கச்சியை. கல்யாணத்துக்கு முன்ன, ஹாஸ்டல்ல இருந்தப்ப அவ பெத்த பிள்ளைதான் ஷ்ரேயா. அவ புருஷனுக்குத் தெரியாது. நான் ஒருநாள்கூடப் பிள்ளை சுமந்ததில்ல, டாக்டர்."