முகப் பரீட்சை

“தம்பி, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்புங்க. மூக்கு நுனியைப் பார்க்கணும்.”

பாண்டியராஜன் திரும்பினான். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கு சூப்பர்வைசர். ஆயிரம் மூட்டைகளைக் குத்திச் சோதனை பார்த்தவன். தானே சோதனைச் சரக்கானது இதுதான் முதல் தடவை.

அமுதவள்ளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். மகள் பொன்மணிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போடியிலிருந்து வந்திருக்கிறாள். குடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்பது அவள் சபதம். இதுவரை பதினோரு பேரைக் கழித்தாயிற்று. அதில் ஒருவரிடம்கூட “குடிப்பீங்களா?” என்று அவள் கேட்டதில்லை.

“வாய் பொய் சொல்லும், தோல் சொல்லாது. குடிச்சா தோல்ல ஈரம் வத்திடும். முகம் ஊதிப்போகும். மூக்குல செவப்பு நரம்பு ஓடும். கண்ணுக்குக் கீழே பை தொங்கும். சந்தேகம்னா இதோ, என் தம்பி பிச்சைமணியைப் பாருங்க.”

பிச்சைமணி கடமை தவறாமல் முகத்தைக் காட்டினான். அவன் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கலாம்.

“என்னை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போறதே இதுக்குத்தான் மாப்பிள்ளை. நான்தான் சாம்பிள்.”

அமுதவள்ளி பாண்டியராஜனின் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். அந்தக் கன்னத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படி ஒரு பளபளப்பு!

“பாஸ்!” என்றாள்.

பாண்டியராஜன் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வரத் துள்ளிக்கொண்டு ஓடினான். தாய் தகப்பன் இல்லாதவன். அவன் பக்கத்துக்குப் பெரிய மனுஷி என்று உட்கார்ந்திருந்தது அவன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி, மலையாளத்துக் கமலாக்ஷிதான். அமுதவள்ளி அவள் பக்கம் நகர்ந்தாள்.

“சேச்சி, உண்மையைச் சொல்லுங்க. எப்பவும் இந்த முகம்தானா? இல்லே, இன்னிக்கு மட்டும் ஏதாச்சும் பூசிக்கிட்டாரா?”

“பூசவோ? அய்யோ! நல்ல பையனாக்கும். ஆறு வருஷமா நான் பாக்கறதல்லே? காலையில சாதாரணமா ஜோலிக்குப் போவான். சாயங்காலம் நல்லா மினுங்கிட்டுதான் வருவான்.”

“வேலை செஞ்சு களைச்சு வர்றப்பவா?”

“களைப்பு இருந்தா கூடுதலா மினுங்குவான்!”

“கேட்டியாடா பிச்சைமணி? நீ குளிச்சிட்டு வந்தாலே மங்கல்!”

“ஞாயித்துக்கிழமைன்னா சொல்லவே வேண்டா,” கமலாக்ஷிக்கு உற்சாகம் வந்துவிட்டது. “கூட்டுக்காரன்மாரும் வருவாங்க. எல்லாருமா சேர்ந்து மினுங்குவாங்க. ஆனா ஒரு வம்பு கிடையாது, கேட்டோ. தங்கமான பசங்க.”

அமுதவள்ளிக்குக் கண் கலங்கியது. சேர்க்கைகூட மினுங்குகிற சேர்க்கை! தெரு விளக்கே தேவைப்படாது போலிருக்கிறதே இந்தத் தெருவுக்கு!

“தட்டை எடுடா.”

“அக்கா, எதுக்கும் ஒரு வார்த்தை நேராக் கேட்டுடலாமே...”

“முகமே சொல்லியாச்சு. வாயை எதுக்குக் கேக்கணும்?”

வெற்றிலை, பாக்கு, பூ, பழத்தோடு தட்டு கமலாக்ஷியின் கைக்கு மாறியது. அடுத்த நிமிடம் அமுதவள்ளி போனில் இருந்தாள்.

“பொன்மணி, நிச்சயம் பண்ணியாச்சுடி! உன் அதிர்ஷ்டம், மாப்பிள்ளை தெனமும் மினுங்குறாராம்!”

போனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தபோதுதான் சுவரில் மாலை போட்டிருந்த படம் கண்ணில் பட்டது. சம்பந்தியாகிவிட்ட உரிமையோடு விசாரித்தாள்.

“உங்க வீட்டுக்காரரா சேச்சி? இவரும் நல்லா மினுங்குவாரோ?”

கமலாக்ஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பின்னே! மினுங்கி மினுங்கித்தானே போனாரு. ‘இனி ஒரு பெக் மினுங்கினாலும் ஈரல் தாங்காது’ன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு... கேட்டாத்தானே?”