காய்ந்த பாதைக்கு ஒரு டயர்

"வாயைத் தொறந்து, எந்தப் பாதையில ஓட்டுறீங்கன்னு கேட்டா முத்தா உதுந்துடும்?"

கடையில் டயர் வாங்க வந்தவர்கள் எல்லார் முன்னாலும் அக்கா ஒருமுறை அவளைக் கேட்ட கேள்வி அது. அவள் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பதில் இல்லாமல் இல்லை. மலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கூசாமல் அளப்பார்கள். பூங்காவை இரண்டு சுற்று சுற்றியவர் பாறை பாறையாகத் தாவியதாகச் சொல்வார். பழைய டயருக்கு அளக்கத் தெரியாது. மேலே துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இடுக்கில் என்ன மண் என்று பார்த்தாலே அவளுக்குப் போதும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் சைக்கிள் கடைக்கு வந்து இரண்டு வருஷம். அவள் எடுத்துக் கொடுத்த டயரை யாரும் மாற்றக் கேட்டதில்லை.

அக்காவைக் காணவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள்.

கோபித்துக்கொண்டு கட்டின துணியோடு போய்விட்டாள் என்றார் அத்தான். அப்பா பஸ் நிலையம் பஸ் நிலையமாக அலைந்தார். மலைப் பக்கத்தை அத்தான் தானாகவே ஏற்றுக்கொண்டார். விடிந்ததும் சைக்கிளில் கிளம்பிவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

இன்று காலை அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம்போல் அது பளபளத்தது.

"மேல பூரா புழுதி, வளைவுல வழுக்கி விடுது. காஞ்ச பாதைக்கு ஏத்த மாதிரி ரெண்டு டயர் பாத்துப் போடும்மா."

பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "கல்குவாரி வரைக்கும் போய்ப் பாத்துட்டேன் மாமா. குழி பூரா வெடிச்சுக் கெடக்கு, சொட்டுத் தண்ணி இல்ல. நீங்க வேற அங்க வந்து அலையாதீங்க."

"நீங்க இருக்கப்போய்த்தான் மாப்ள நான் நடமாடுறேன்" என்று அப்பா ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

நான்கு மாதமாக மழை இல்லை. இறுகிய தரை, மேலே மாவு மாதிரி மண்.

முன்னால் போட, ஓரத்துப் பட்டன்கள் தடித்து நிற்கும் டயரை எடுத்தாள். புழுதி வளைவில் அதுதான் பிடிக்கும். பின்னால் போட, பட்டன்கள் குட்டையாக நெருங்கியிருக்கும் டயர். காய்ந்த தரையில் தடையில்லாமல் உருளும்.

அத்தானின் பழைய டயர் சேற்றுக்கானது. பட்டன்கள் உயரமாக, தள்ளித் தள்ளி இருந்தன. இடுக்குகளில் துளி மண் இல்லை. குச்சி விட்டுக் குடைந்து கழுவியிருக்கிறார்.

முன்சக்கரத்தைக் கழற்றினாள். காற்றை இறக்கினாள். ரிம்மின் விளிம்பில் நெம்பியைக் கொடுத்துத் தூக்கினாள்.

உள்ளிருந்து தண்ணீர் கொட்டியது.

ஒரு கை நீர் இருக்கும். அவள் பாதத்தில் சில்லென்று விழுந்தது. பச்சை நிறம். வெகுநாள் அசையாமல் கிடந்த நீரின் வாடை. ட்யூபில் பாசி நூல் நூலாக ஒட்டியிருந்தது.

கழுவுகிற தண்ணீரில் பாசி இருக்காது. டயருக்குள் இவ்வளவு நீர் புக வேண்டுமானால் சக்கரம் அச்சுக்கு மேல் முங்கி நிற்க வேண்டும்.

ஆழமான தண்ணீர் வந்தால் மலையில் ஓட்டுகிறவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். பஞ்சு மாதிரி லேசுதான். சைக்கிளின் மேல் வேறு சுமை கிடந்தால்தான் தூக்க முடியாது. அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

அவள் நிமிரவில்லை. சக்கரத்தை இறுகப் பிடித்தாள். மெதுவாகச் சாய்த்து, மிச்ச நீரையும் அப்பாவின் காலடியில் ஊற்றினாள்.

முப்பது வருஷமாக டயர் கழற்றுகிறவர் அப்பா. தரையைப் பார்த்தார். குனிந்து, அந்தப் பாசியை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"குவாரியில தண்ணி கெடக்கா, மாப்ள?"

அத்தான் ஸ்டூலை விட்டு எழுந்தார். சட்டையின் கடைசிப் பட்டனைப் போட்டுக்கொண்டார். சைக்கிளைக் கேட்கவில்லை. படியிறங்கி, வெயிலில் நடந்து போனார்.