காதுக்கு வயது இருபது

"சுவத்துல தெரியிற சிவப்புப் புள்ளியையே பாருங்க. நான் தலையைத் திருப்பினாலும் கண்ணு அதை விட்டு நகரக் கூடாது."

பெயின்டரின் தலையைப் பின்னாலிருந்து இரு கைகளாலும் பிடித்து, வெடுக்கென்று இடப்பக்கம் திருப்பினாள் டெக்னீஷியன். அவர் மாட்டியிருந்த கேமராக் கண்ணாடி விழிகளைத் திரையில் காட்டியது. இம்மிகூடப் பிசகவில்லை.

வயது ஏற ஏற உள்காதின் சமநிலை எப்படித் தேய்கிறது என்று பார்க்கும் ஆய்வு அது. நோய்நொடி இல்லாதவர்கள்தான் வேண்டும். இளசுகளை வளைத்துப் பிடித்துவிட்டாள். ஐம்பதைத் தாண்டியவர்கள்தான் தண்ணி காட்டினார்கள். அந்த நேரத்தில் இவர் தானாக வந்து சேர்ந்தார். தானாக என்ன, இலவசப் பரிசோதனை என்ற போர்டைப் பார்த்துவிட்டுத் தங்கை இழுத்து வந்திருந்தாள். அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"திருப்பியும் கேக்கிறேன்னு நினைக்காதீங்க. தலைசுத்தல், மயக்கம் எதுவும் வந்ததில்லையே? வந்தவங்களை நாங்க எடுக்கிறதில்லை."

பெயின்டர் மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்தார்.

"இல்லைங்க மேடம்," என்றார் தணிந்த குரலில். "ஒருநாளும் வந்ததில்லை."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

"மெஷின்ல ஏதாவது கோளாறு தெரியுதுங்களா?"

"ஒண்ணும் இல்லை."

"சின்னதாக்கூட இல்லையா? நல்லாப் பாருங்க மேடம்."

பாவம், பயத்தில் செத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள். கட்டிலில் படுக்கவைத்து, காதில் வெதுவெதுப்பான நீரைச் செலுத்தினாள்.

"இப்ப உலகமே சுத்தும். பயப்படாதீங்க. சுத்தினாத்தான் காது நல்லா இருக்குன்னு அர்த்தம்."

சுற்றியது. அவர் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்படித்தான் இருக்குமா?"

"எது?"

"தலை சுத்துறதுன்னா... இப்படித்தான் இருக்குமா?"

கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி உட்காரவைத்தாள்.

"எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லிடுங்க மேடம். தங்கச்சிக்குத் தெரிய வேணாம்."

ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ரிப்போர்ட் எதுவும் கொடுப்பதில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனசு கேட்காமல், 'உங்க காதுக்கு இத்தனை வயசு' என்று விளையாட்டாகச் சொல்லி அனுப்புவது அவள் வழக்கம். எல்லோரும் வாயெல்லாம் பல்லாகத்தான் போவார்கள். தங்கையின் முன்னாலேயே அதைச் சொல்லிவிட்டால் இந்த மனிதருக்கும் தெம்பு வந்துவிடும் என்று கதவைத் திறந்தாள்.

தங்கை பதறி எழுந்தாள்.

"என்ன மேடம், ஏதாவது இருக்கா? மறைக்காம சொல்லிடுங்க. எனக்கும் என் பிள்ளைக்கும் இனிமே அண்ணனை விட்டா நாதியில்லை. அன்னியிலேருந்து இவரு ஏணிப் பக்கமே போறதில்லை, சோறு இறங்கலை, தூக்கமும் இல்லை. இவருக்கும் ஒண்ணு ஆயிட்டா நாங்க நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"மேடம், வேணாம்," என்றார் பெயின்டர் பின்னாலிருந்து.

"நல்ல சேதியைச் சொல்றதுக்கு என்னங்க? கேளுங்கம்மா, உங்க அண்ணன் காதுக்கு வயசு இருபது. மேல ஏறி நின்னாலும் ஆட மாட்டாரு. இன்னிக்கு வரைக்கும் ஒருதடவைகூடத் தலை சுத்தினதில்லைன்னு அவரே சொன்னாரு."

தங்கையின் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினாள். அவர் தலை நிமிரவில்லை.

"அன்னிக்குத் தலை சுத்திடுச்சு, அதான் பிடிச்சிருந்த ஏணியை விட்டுட்டேன்னு சொல்லித்தானேண்ணே, என் புருஷனைப் பொணமாக் கொண்டுவந்து போட்டே?"