கோடும் வட்டமும்

அடைகாப்புப் பெட்டியின் கண்ணாடி மூடியில் பூத்திருக்கும் ஈரத்தை முதலை ஆராய்ச்சிக்காரி முழங்கையால் துடைக்கிறாள். சில நாட்களாகச் சதுப்பில் வேறு கூடுகளைத் தேடி அலைந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். காற்சட்டையில் சேறு காய்ந்து மொடமொடக்கிறது. உள்ளே, வெள்ளத்தில் மூழ்கவிருந்த கூட்டிலிருந்து அவள் மீட்டுவந்த உவர்நீர் முதலை முட்டைகள். எடுக்கும்போதே ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தாள். கூட்டில் மேலே இருந்த பக்கம் இங்கேயும் மேலேயே இருக்க வேண்டும். புரண்டால் ஓட்டோடு ஒட்டிய கரு பிய்ந்து செத்துப்போகும். இப்போது ஒரு கோட்டையும் காணோம். மஞ்சள் விளக்கொளியில் எல்லா முட்டைகளிலும் அழகான சின்ன வட்டங்கள் தெரிகின்றன. "நான்தான் போட்டேன் மேடம்," என்கிறார் புதிதாக வந்த காவலாளி, கோழிப் பண்ணையிலேயே தலை நரைத்தவர். "நீங்க ஒரு பக்கம் கோடு போட்டிருந்தீங்க. புரட்டுறதுக்குத்தான்னு புரிஞ்சுக்கிட்டேன். மறுபக்கம் வட்டம் போட்டு வச்சேன். கோழி முட்டைக்கும் அப்படித்தானே?" பெட்டிக்குள் சின்ன விசிறி கரகரவென்று சுழல்கிறது. அவள் மூடியைத் திறக்கிறாள். ஒரு முட்டையை நோக்கிக் கை தானாகப் போகிறது. தொடாமல் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. "ஒரு வேளைகூடத் தப்பவிடல. ராத்திரியும் எந்திரிச்சு வந்து புரட்டினேன். கண்ல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டேன் மேடம்." அவர் ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்து நிற்கிறார். அவள் மூடியை, பழக்கத்தால், அதிராமல் சாத்துகிறாள். "அப்போ நீங்க சரியா தூங்கவே இல்லையாண்ணே?" என்கிறாள்.