பவளம் அக்காவுக்குப் பொன்னாடை

"உமக்கென்ன தெரியும், கபிலன்? வயர் சுத்தின ஆள்தானே நீர்!"

செவன் ஹில்ஸில் உள்ள தன் வீட்டுக் கதிரையில் சாய்ந்தபடி மகேந்திரராஜா இளக்காரமாகச் சிரித்தார். சமூகத் தொலைக்காட்சியில் இருவரும் சம்பளமில்லாமல் உழைத்த காலத்தில், தமிழ் நேரலையில் முகம் காட்டியவர் அவர்தான். திரைக்குப் பின்னால் வயரும் நேயர்களின் போன் அழைப்புகளும் கபிலனின் பொறுப்பு. வரும் ஞாயிறு, பழைய ஆட்களின் ஒன்றுகூடல்.

"மற்றவையின்ர நிகழ்ச்சிக்கு ஒரு நாயும் போன் எடுக்கேல்லை. எனக்கு லிட்கமில இருக்கிற பவளம் அக்கா ஒரு கிழமை தவறவிட்டவவோ? எவ்வளவு புகழுவா! அவவைத் தேடிப் பிடியும். மேடையில பொன்னாடை போத்த வேணும்."

"வேண்டாமண்ணை."

"ஏன், பொறாமையோ?"

"போன் வராட்டி நிகழ்ச்சி முடிய நீங்கள் எங்களில எல்லே எரிஞ்சு விழுவியள். உங்கட கரைச்சல் தாங்கேலாமத்தான்..."

"தாங்கேலாம?"

கபிலன் எழுந்து அவர் முன்னால் வந்தான். பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டுவதுபோல் குனிந்து, மகேந்திரராஜா வாரந்தோறும் கேட்டு மயங்கிய அதே கீச்சுக் குரலில் சொன்னான்:

"வணக்கம் தம்பி, லிட்கமிலயிருந்து பவளம் கதைக்கிறன். உங்களை அடிக்க ஆளில்லை!"